நெல்லை வானத்துக்குக் கதிர்வீச்சுப் பரிமாற்ற மாதிரிகளை ஒப்பிடுவது எப்படி

தரையில் ஒரு சிறு தொலைநோக்கியை வைத்து, வானத்தில் சிதறி வரும் ஒளியை 1°, 2°, 5°, 30°, 90° என்று பல ஏற்றக்கோணங்களில் அளந்து, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு போன்ற சுவடு வாயுக்களைக் கணக்கிடும் முறைக்கு மேக்ஸ்-டோவாஸ் என்று பெயர். கருவி தருவது சாய்வுத் தூண் மட்டும்தான். அதாவது, ஒளி வந்த வழி நெடுக இருந்த மூலக்கூறுகளின் கூட்டுத்தொகை. அந்த ஒளி எந்த வழியாக வந்தது என்பது கருவிக்குத் தெரியாது. அதைச் சொல்வது கதிர்வீச்சுப் பரிமாற்ற மாதிரி, அதாவது காற்றில் ஒளி சிதறியும் உட்கவரப்பட்டும் போகும் வழியைக் கணக்கிடும் நிரல். மாதிரி ஒளிப்பாதையை 10% கூட்டிச் சொன்னால் வாயுவின் அளவு ஏறத்தாழ 10% குறைந்துபோகும். வரைபடத்தைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று மாதிரிகளுக்கு ஒரே கேள்வியைக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டால்தான் அது வெளியே வரும்.

இந்தத் துறையின் அளவீட்டுப் பழக்கங்கள் பலவும் நெதர்லாந்தின் கபாவ்வில் 2009-லும் 2016-லும் நடந்த சிண்டி என்ற கருவி ஒப்பீட்டு முகாம்களில் உருப்பெற்றவை. கபாவ் 52° வடக்கில் இருக்கிறது. அங்கே ஆனி மாத நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 28° தள்ளியே நிற்கும். திருநெல்வேலி 8.7° வடக்கு. ஏப்ரல் 12 வாக்கில், சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னும், ஆகஸ்டு 30, 31-லும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே, பிற நாட்டு வானத்துக்குச் செய்த ஒப்பீட்டை நம்பி இங்கே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இங்குள்ள கோணங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மொட்டைமாடியில் கருவி வைக்கப்போகும் குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

எந்த மாதிரிகள்

கணக்கிடும் வழி வேறுபட்ட மூன்றையாவது எடுங்கள். ஒரே வழியில் கணக்கிடும் இரண்டு மாதிரிகள் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன என்பதாகவும் இருக்கலாம்.

முதலாவது, டிஸார்ட் கணக்கீட்டு முறையைக் கொண்ட லிப்ராட்ரான். இலவசம், வேகம், லினக்ஸில் எளிதாக நிறுவலாம். இரண்டாவது, விலிடார்ட் அல்லது பிரெமன் பல்கலைக்கழகத்தின் சியாட்ரான். விலிடார்ட் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை ஒரே தளத்தில் அதிரும் பாங்கை, கணக்கில் எடுக்கும். சியாட்ரானில் முழுக்கோள வடிவிலும் கணக்கிடலாம். மூன்றாவது, மெக்ஆர்டிம் அல்லது லிப்ராட்ரானுக்குள் இருக்கும் மிஸ்டிக் போன்ற ஒரு மான்டி கார்லோ மாதிரி. இது ஃபோட்டான்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போவதால் பூமியின் வளைவை அப்படியே கையாள முடியும், ஆனால் நேரம் எடுக்கும். இதில் இரைச்சலைப் பாதியாக்க ஃபோட்டான்களை நான்கு மடங்காக்க வேண்டும். சாதாரண மடிக்கணினி போதும். டிஸார்ட் ஒரு கோணத்துக்கு நொடிக்கணக்கில் முடியும். மான்டி கார்லோவை இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள்.

உள்ளீட்டைப் பூட்டி வைத்தல்

மாதிரிகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி இயற்பியலால் வருவதில்லை, உள்ளீட்டால் வருகிறது. அதனால் இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

வளிமண்டலத்துக்கு ஒரே ஒரு கோப்பு தயாரியுங்கள்: உயரம், அழுத்தம், வெப்பநிலை, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு. எல்லா மாதிரிக்கும் அதையே கொடுங்கள். மாதிரியோடு வரும் உள்ளமைந்த வளிமண்டலத்தைத் தொடாதீர்கள். பல மாதிரிகளில் கைக்கு முதலில் கிடைப்பது அமெரிக்கத் திட்ட வளிமண்டலம். அதில் தரை வெப்பநிலை 288 கெல்வின், வெப்பமண்டல வளிமண்டலத்தில் ஏறத்தாழ 300 கெல்வின். ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி இதனால் 4% மாறும். ஆக்சிஜன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக மோதும்போது உண்டாகும் ஓ4 உட்கவர்தல் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், தரையருகே அது 8% மாறிவிடும். தூசின் (காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் எல்லாவற்றின்) அளவை நாம் கணிப்பதே ஓ4-ஐ வைத்துத்தான். திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூனின் தரவு 2 கிலோமீட்டருக்கு மேலே நமக்கும் பொருந்தும். அதற்குக் கீழே, குறிப்பாகச் சாரல் காலத்தில், மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்றும் இந்தப் பக்கத்துக் காற்றும் ஒன்றல்ல. கீழ்ப்பகுதிக்கு உள்ளூர் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வையுங்கள்.

உயர அடுக்குகள்: தரையிலிருந்து 2 கிமீ வரை 100 மீட்டருக்கு ஒன்று, 2 முதல் 5 கிமீ வரை 500 மீட்டர், 5 முதல் 25 கிமீ வரை 1 கிமீ, அதற்கு மேல் 60 கிமீ வரை 2 அல்லது 3 கிமீ. 5 கிமீக்குக் கீழே 2 கிமீ அடுக்கு வைத்தால், ஓ4 உயரத்தோடு வேகமாகக் குறைவதால், நேர்கோட்டு இடைக்கணிப்பு அதை 2% கூட்டிக் காட்டும்.

அடுத்தது பலரையும் சறுக்க வைக்கும் இடம். சில மாதிரிகள் அடுக்குக்குள் மதிப்பு மாறாமல் இருப்பதாக எடுக்கும். சில, அடுக்கின் எல்லைகளில் மதிப்பைக் கேட்டு நடுவில் நேர்கோடு போடும். தரையிலிருந்து 1 கிமீ வரை ஒரே சீரான தூசு, ஒளியியல் தடிமன் (ஒளியை அது எவ்வளவு மங்கச் செய்கிறது என்பதன் அளவு) 0.5 என்று கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லை முறையில் 1.0 கிமீயில் இருக்கும் மதிப்பு 1.1 கிமீயில்தான் சுழியாகும். நடுவில் ஒரு முக்கோணம் சேர்ந்து தடிமன் 0.525 ஆகிவிடும். இந்த 5% பிழையைத் தேடிக்கொண்டு சிதறல் சமன்பாடுகளில் நாட்களைத் தொலைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு மாதிரியிடமும் மொத்த ஒளியியல் தடிமனை அச்சிடச் சொல்லி, நான்காவது தசம இடம் வரை ஒத்துப்போன பிறகே மேலே போங்கள்.

தூசு இல்லாத காற்றின் ரேலே தடிமன், அதாவது காற்று மூலக்கூறுகளின் சிதறலால் மட்டும் வரும் தடிமன், கடல்மட்டத்தில் ஏறத்தாழ இப்படி வர வேண்டும்: 360 நானோமீட்டரில் 0.56, 440-இல் 0.24, 477-இல் 0.17, 577-இல் 0.08. இதில் 1% வேறுபாடு இருந்தால், இரண்டு மாதிரிகளும் வெவ்வேறு ரேலே வாய்ப்பாடுகளைப் பயன்படுத்துகின்றன என்று பொருள். வாய்ப்பாட்டைத் திருத்துவதைவிட, தடிமனை நாமே கணக்கிட்டு உள்ளீடாகத் திணிப்பது நல்லது.

கோணமும் அலகும்

சார்புத் திசைக்கோணம் (பார்வைத் திசையைச் சூரியனை வைத்துக் கிடைமட்டத்தில் சொல்லும் கோணம்) 0° என்றால் சூரியனைப் பார்ப்பதா, சூரியனுக்கு முதுகு காட்டுவதா? மாதிரிக்கு மாதிரி மாறும். லிப்ராட்ரானில் தொலைநோக்கியின் திசைக்கோணமும் சூரியனின் திசைக்கோணமும் சமமாக இருந்தால் சூரியனைப் பார்க்கிறோம். பார்வைக் கோணத்தின் கோசைனை அங்கே எதிர்க்குறியோடு கொடுத்தால்தான் தரையிலிருந்து மேலே பார்க்கும். நேர்க்குறி கொடுத்தால் மாதிரி கீழ்நோக்கிப் பார்த்துத் தரையின் பிரகாசத்தைத் தரும், எச்சரிக்கை எதுவும் வராது. ஆவணத்தைப் படிப்பதோடு நிற்காமல் சோதித்தும் விடுங்கள்: தூசுத் தடிமன் 0.3, சூரிய உச்சிக்கோணம் (சூரியன் உச்சியிலிருந்து தள்ளி நிற்கும் கோணம்) 60°, ஏற்றக்கோணம் 15°. திசைக்கோணம் 0°, 180° என்று இருமுறை ஓட்டுங்கள். எது பிரகாசமோ அது சூரியப் பக்கம்.

பிரகாசத்தின் அலகும் அப்படித்தான். சூரிய ஒளியால் மட்டும் வகுத்த மதிப்பு, அதைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கிய மதிப்பு, மேலும் உச்சிக்கோணத்தின் கோசைனால் வகுத்த மதிப்பு என்று மூன்றும் புழக்கத்தில் உள்ளன. எல்லா இடத்திலும் 3.14 மடங்கு வேறுபாடு வந்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

டிஸார்ட் வகையில் கோணங்களைப் பகுக்கும் ஸ்ட்ரீம் எண்ணிக்கையிலும் ஒரு குழி இருக்கிறது. லிப்ராட்ரானில் 16 என்றால் மேலும் கீழும் சேர்த்து 16. விலிடார்டில் கொடுப்பது ஒரு பாதிக்கோளத்துக்கான எண்ணிக்கை. அங்கே 8 கொடுத்தால்தான் இதற்குச் சமம்.

ஓட்ட வேண்டிய கோணங்கள்

அலைநீளங்கள் 343, 360, 440, 477, 577 நானோமீட்டர். முதலாவது ஃபார்மால்டிஹைடுக்கு, 440 நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு, மற்றவை ஓ4 பட்டைகள். ஏற்றக்கோணங்கள் 1, 2, 3, 5, 10, 15, 30, 90. திசைக்கோணங்கள் 10, 45, 90, 135, 180. சூரிய உச்சிக்கோணம் 3, 15, 32, 61, 79, 86. இதில் 15° என்பது ஜூன் 21 நண்பகல், 32° என்பது டிசம்பர் 21 நண்பகல். 60, 80, 85 என்று முழு எண்ணாக வைக்காததற்குக் காரணம் உண்டு. உச்சிக்கோணம் 60°, ஏற்றக்கோணம் 30° என்றால் பார்வையும் சூரியனும் ஒரே சாய்வில் வருகின்றன. அப்போது ஒற்றைச் சிதறல் (ஒளி ஒரே முறை சிதறி வருவது) வாய்ப்பாட்டில் வகுக்கும் எண் சுழியாகும். நல்ல நிரல்கள் இதைச் சமாளிக்கும், சில சமாளிக்காது. மேலே உள்ள பட்டியலில் 15° உச்சிக்கோணத்துக்கு 75° ஏற்றக்கோணம் இல்லாததால் அங்கே மோதல் வராது.

மொத்தம் 1,200 கணக்கு. தூசற்ற வானம், 1 கிமீ வரை சீரான தூசு, உயரத்தோடு அடுக்குக்குறியில் குறையும் தூசு என்று மூன்று வானங்களுக்கு 3,600. மான்டி கார்லோவுக்கு எல்லாம் வேண்டாம். கடினமான 60, 70 கணக்குகளைப் பொறுக்கிக் கொடுங்கள்.

முதலில் தூசற்ற வானத்தின் பிரகாசம், பிறகு தூசுள்ள வானத்தின் பிரகாசம், அதன்பின் அடுக்குக் காற்றுநிறைக் காரணி (சுருக்கமாக அடுக்குக் காரணி, கீழே விளக்குகிறோம்), கடைசியில்தான் வாயுவின் அளவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கடைசிப் படியில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரிபோலத் தோன்றும்.

90° பார்வையில் திசைக்கோணத்துக்குப் பொருளே இல்லை. ஐந்து திசைக்கோணங்களுக்கும் ஒரே மதிப்பு வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்தி நிரலைப் பாருங்கள்.

அடுக்குக் காரணி

ஒரு குறிப்பிட்ட உயர அடுக்கில் உட்கவரும் வாயுவைச் சிறிது கூட்டினால் பிரகாசம் எவ்வளவு குறைகிறது என்பதே அடுக்குக் காரணி. விலிடார்ட் இதை நேரடியாகத் தரும். டிஸார்டில் நாமே செய்ய வேண்டும்: வாயு இல்லாமல் ஒரு முறை, அந்த அடுக்கில் மட்டும் 0.0001 உட்கவர் தடிமன் சேர்த்து ஒரு முறை. இரண்டு பிரகாசங்களின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுத்து 0.0001-ஆல் வகுங்கள்.

காரணி 20 என்றால் பிரகாசம் மாறுவது வெறும் 0.2%. வெளியீடு நான்கு இலக்கத்தில் அச்சாகிறது என்றால், மாற்றம் முழுவதும் கடைசி இலக்கத்துக்குள் அடங்கிவிடும். ஏழு இலக்கமாவது கேளுங்கள். தடிமனை 0.01 ஆக்கித் தப்பிக்கப் பார்த்தால், மாற்றம் நேர்கோட்டில் இல்லாமல் போகும். மான்டி கார்லோவில் இரண்டு ஓட்டங்களைத் தனித்தனியாகச் செய்து கழிக்கவே கூடாது. இரைச்சல்தான் மிஞ்சும். ஒரே ஃபோட்டான் பாதைகளில் உட்கவர்தலை எடையாகச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

தூசற்ற வானத்தில், 15° ஏற்றக்கோணத்தில், தரையை ஒட்டிய 100 மீட்டர் அடுக்கின் காரணி ஏற்றக்கோணத்தின் சைனின் தலைகீழான 3.86-க்கு அருகில் வர வேண்டும். 2 அல்லது 8 என்று வந்தால் கோணத்தையோ அடுக்கின் எண்ணையோ மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். சில மாதிரிகள் அடுக்கை மேலிருந்து எண்ணும்.

வேறுபாட்டின் வடிவத்தைப் படித்தல்

வேறுபாட்டைச் சதவீதத்தில், ஏற்றக்கோணத்துக்கு எதிராக, ஒவ்வொரு உச்சிக்கோணத்துக்கும் தனிக்கோடாக வரையுங்கள். ஒரே எண்ணாகச் சராசரி எடுத்தால் காரணம் மறைந்துவிடும். நோயறிய உதவுவது கோட்டின் வடிவம்.

எல்லாக் கோணத்திலும் ஒரே விகிதம் என்றால் அலகுப் பிழை. உச்சிக்கோணத்தோடு மட்டும் மாறினால் கோசைன் விட்டுப்போயிருக்கிறது. திசைக்கோணத்தில் 10°-உம் 180°-உம் இடம் மாறியதுபோல் இருந்தால் திசை மரபு தலைகீழ். 343, 360-இல் மட்டும் 5 முதல் 10% வரை பிரகாசம் விலகினால் ஒரு மாதிரி முனைவாக்கத்தைக் கணக்கில் எடுக்கிறது, மற்றது எடுக்கவில்லை. இந்த விலகல் அடுக்குக் காரணியில் மிகவும் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்குகிறதா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

1°, 2° ஏற்றக்கோணங்களில் மட்டும், அதுவும் 577-இல் அதிகமாக விலகினால் பூமியின் வளைவுதான் காரணம். 1° சாய்வில் பார்க்கும் கோடு 50 கிமீ தொலைவில் தட்டையான பூமியில் 870 மீட்டர் உயரத்தில் இருக்கும். உருண்டைப் பூமியில் அதோடு இன்னும் 200 மீட்டர் கூடும். தட்டை மாதிரி ஒளியைக் கீழ் அடுக்கிலேயே அதிக தூரம் ஓடவிடுகிறது. போலிக்கோள மாதிரி என்று சொல்லப்படுபவை சூரியக் கதிரை மட்டும்தான் வளைவோடு கையாளும், பார்வைக் கோடு தட்டைதான். ஆகவே அவை 86° உச்சிக்கோணத்தில் உதவும், 1° ஏற்றக்கோணத்தில் உதவாது. கோடையில் தூசு மிகுந்த நாட்களில் ஒளி அவ்வளவு தூரத்திலிருந்து வராததால் இந்த வேறுபாடு தானே குறையும். மழை பெய்து வெளுத்த கார்த்திகை வானத்தில் பெரிதாகும்.

சூரியனுக்கு அருகே பார்க்கும்போது மட்டும் விலகினால் தூசின் சிதறல் வடிவம். அதை விவரிக்கும் ஹென்யே-கிரீன்ஸ்டைன் வாய்ப்பாட்டில் சமச்சீரின்மை (ஒளி முன்பக்கமாகச் சிதறும் போக்கின் அளவு) 0.7 வரை 32 ஸ்ட்ரீம் போதும். ஆனால் ஆடிக்காற்றில் தேரிக்காட்டிலிருந்து எழும் செம்மண் தூசும், தூத்துக்குடிக் கரையின் கடலுப்புத் துகளும் பெரியவை. அவற்றின் சிதறல் முன்பக்கம் கூர்மையாக இருக்கும், அதை விவரிக்க நூற்றுக்கணக்கான உறுப்புகள் வேண்டும். ஒற்றைச் சிதறலைத் துல்லியமாகத் தனியே சேர்க்கும் திருத்தம் இரண்டு மாதிரிகளிலும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இது சிறு விஷயம் அல்ல. சூரியன் உச்சியில் நிற்கும் நாட்களில் 90° பார்வை என்பதே சூரியனை ஒட்டிய பார்வை. அந்த 90° அளவீட்டை அடிப்படையாக வைத்துத்தான் மற்றக் கோணங்களை எல்லாம் ஒப்பிடுகிறோம்.

அளவீட்டிலும் இதைக் கையாள வேண்டும். ஏப்ரல் 12-க்கும் ஆகஸ்டு 30-க்கும் இருபுறமும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள், நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 5°-க்குள் வரும். நெல்லையில் உண்மையான நண்பகல் சராசரியாக 12.19 மணி. உச்சியைக் கடக்கும் நாளில் அதற்கு முன்னும் பின்னும் 40 நிமிடத்துக்குள் உச்சிக்கோணம் 10°-க்குக் கீழே போகும். அந்த நேரத்துத் தரவை ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியே வையுங்கள். 10 நிமிடச் சுற்று ஒன்றில் சூரியன் 2.5° நகரும், திசைக்கோணமோ கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவிவிடும். சுற்றின் சராசரித் திசைக்கோணம் என்று ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் அது பொய். ஒவ்வொரு பார்வைக்கும் அதன் நேரத்துக்குரிய கோணத்தைத் தனியே கொடுங்கள். சூரியனைத் தவிர்க்கக் கருவியை வடக்கே திருப்பும் ஐரோப்பியப் பழக்கம் சித்திரை முதல் ஆவணி வரை இங்கே பலன் தராது.

தரை, மலை, புகை

ஆல்பிடோவை, அதாவது தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கை, ஒரே எண்ணாக வைக்காதீர்கள். புற ஊதாவில் 0.05 பொருத்தம். தேரி மணல் 577-இல் அதைவிட நன்றாக ஒளிரும், உப்பளங்கள் இன்னும் அதிகம். 0.05, 0.10, 0.30 மூன்றுக்கும் ஓட்டிப் பார்த்து, அதனால் வரும் மாற்றம் மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிது என்றால் மாதிரியை மெருகேற்றுவதை விட்டுத் தரையை அளக்கப் போகலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் 1,868 மீட்டர் உயர அகத்தியமலை 55 கிமீ தொலைவில், தொடுவானத்துக்கு மேலே ஏறத்தாழ 1.6° நிற்கும். 1° பார்வை மலையில் முட்டும். மாதிரியோ மலைக்கு அப்பால் கேரளம் வரை வானம் இருப்பதாகக் கணக்கிடும். ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் பக்கம் கருவி வைத்தால் 3°, 5° பார்வைகளும் போய்விடும். அங்கெல்லாம் கிழக்கோ வடகிழக்கோ பார்ப்பது ஒன்றே வழி.

தூத்துக்குடி அனல்மின் நிலையப் புகை குறுகிய பட்டையாகப் போவது. தென்மேற்குக் காற்றில் அது கடலுக்குப் போகும், வடகிழக்குக் காற்றில் உள்நாட்டுக்குத் திரும்பும். நாம் ஒப்பிடும் ஒருபரிமாண மாதிரிகள் எல்லாமே காற்று கிடைமட்டத்தில் சீரானது என்று எடுப்பவை. அவை தங்களுக்குள் 1% ஒத்துப்போனாலும் புகைப்பட்டை குறுக்கிடும் நாளில் அளவீட்டோடு ஒத்துப்போகாது. அந்த நாட்களுக்கு முப்பரிமாண மான்டி கார்லோ வேண்டும்.

எவ்வளவு வேறுபாடு பரவாயில்லை

எங்கள் அளவுகோல்: தூசற்ற வானத்தில், முனைவாக்கம் இல்லாத இரண்டு மாதிரிகளின் பிரகாசம் 5°-க்கு மேல் 1%-க்குள். தூசுள்ள வானத்தில் 3%-க்குள். அடுக்குக் காரணி 2 கிமீக்குக் கீழே 5%-க்குள். 1°, 2° பார்வைகளில் முழுக்கோள மாதிரிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

இதைவிட நெருக்கமாகப் போக ஆசைப்படும் முன் கருவியைப் பாருங்கள். தொலைநோக்கியின் பார்வை அகலம் 1° என்றால், 1° ஏற்றக்கோணத்தில் அது 0.5° முதல் 1.5° வரை சேர்த்துப் பார்க்கிறது. அந்த அகலத்துக்குச் சராசரி எடுத்த வடிவியல் காரணி (ஏற்றக்கோணச் சைனின் தலைகீழ்) 63. நடுக்கோணத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 57. மாதிரியை 1%-க்கு ஒத்திசைத்துவிட்டு இந்த 10%-ஐ மறந்தால் உழைப்பு வீண். மாதிரியை 0.6°, 0.8°, 1.0°, 1.2°, 1.4° என்று ஐந்து கோணங்களில் ஓட்டிச் சராசரி எடுங்கள். கருவியின் மட்டத்துக்குக் கொத்தனாரின் ரசமட்டமே போதும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் காட்டும் மட்டம் என்றால் 0.03° துல்லியம்.

அளந்த ஓ4-ஐ மாதிரியோடு பொருத்த 0.8 போன்ற ஒரு காரணியால் பெருக்கும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. அது தேவையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒப்பீடு முழுதும் முடியும் வரை அந்தக் காரணியை 1.0-லேயே வையுங்கள். அடுக்கு எல்லைப் பிழை, தவறான வளிமண்டலம், பார்வை அகலம் எல்லாம் சேர்ந்தால் அந்த 20%-இல் பெரும்பகுதியை எட்டிவிடும். காரணியை முதலிலேயே நுழைத்தால் இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ளீட்டுக் கோப்பு, மாதிரியின் பதிப்பு எண், மான்டி கார்லோவின் தொடக்க எண் மூன்றையும் வெளியீட்டோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். மாதிரியின் புதுப் பதிப்பு வந்ததும் 3,600-ஐயும் திரும்ப ஓட்ட வேண்டாம். 90° சோதனை, 15° அடுக்குக் காரணி, ரேலே தடிமன், சூரிய உச்சிக்கோணம் 3° ஆகிய நான்கை மட்டும் ஓட்டி, பழைய எண்களே வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.